ஊசி டாக்டரம்மா

உள்ளங்கைகளைப் பரபரவென்று தேய்த்துச் சூடேற்றிக்கொண்டு, பூனையின் முன்னால் தரையில் சம்மணமிட்டு உட்கார்கிறார் டாக்டரம்மா. மேசை ஒன்று இருக்கிறது. அதன் மேல் துவைத்த துண்டுகள்தான் கிடக்கின்றன. "உசரத்துல தூக்கி வெச்சா அவங்களுக்குப் பயம் வந்துடும்" என்கிறார்.

'அவங்க' என்றால் பூனை. வருகிற பிராணிகளுக்கெல்லாம் மரியாதை; கூட வருகிற மனிதர்களுக்கு வெறும் ஒருமைதான். "பெரியவரு நல்லாத் தூங்கினாரா?" என்றால் நாயைப் பற்றிய விசாரிப்பு. "நீ ஏன்ப்பா நடுங்குற? ஊசி உனக்கா?" என்றால் அதை வளர்ப்பவருக்கு.

வீட்டுப் பிராணிகளுக்கு அக்குபங்சர் என்றதும் நான் சிரித்துக்கொண்டேதான் வேடிக்கை பார்க்கப் போனேன். ஊசி தலைமுடி கனம்தான். மூட்டுவலிப் பூனை முதுகு நிறைய அவற்றைக் குத்திக்கொண்டு சாவகாசமாகக் கொட்டாவி விட்டது. பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் வியர்த்துக் கொட்டியது.

"இது எல்லாத்துக்கும் மருந்தில்ல. மாத்திரைய நிறுத்துன்னும் சொல்ல மாட்டேன். வலி கொறையும். சிலருக்குக் கால் திரும்ப வரும், சிலருக்கு வராது" என்றார், ஊசிகளை ஒவ்வொன்றாக உருவியபடி.

அடுத்து ஒரு லாரி ஓட்டுநர், தன் குட்டைக்கால் நாயைக் கைக்குழந்தை போல ஏந்தி வந்தார். முதுகெலும்பில் ஜவ்வு விலகி, அதன் பின்னங்கால்கள் இரண்டும் விழுந்துவிட்டன. அறுவை சிகிச்சையை இதன் இதயம் தாங்காது என்று பெரிய ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். சில வாரங்களாக இங்கேதான் வைத்தியம். பின்னங்காலில் எங்கே குத்தினாலும் நாய் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லையாம்.

"இன்னைக்கும் உணர்ச்சி வரலேன்னா, சக்கர வண்டிக்கு அளவெடுத்துடலாம்ப்பா."

"வண்டி ஓட்டுறவன் வீட்டுல நாய்க்கும் வண்டியா?" என்று சிரிக்கப் பார்த்தார் ஓட்டுநர். உதடு ஒத்துழைக்கவில்லை.

முதுகில் ஊசிகள் இறங்கின. நாய் சும்மா படுத்திருந்தது. பிறகு பின்னங்கால் விரலிடுக்கில் ஒன்று.

வெடுக்கென்று திரும்பிய நாய் டாக்டரம்மாவின் மணிக்கட்டைக் கவ்வியது.

"ஐயோ, விடுடா! விடு!" என்று பாய்ந்தார் ஓட்டுநர்.

டாக்டரம்மா கையை இழுக்கவில்லை. அதைப் பற்களுக்கிடையில் அப்படியே விட்டுவிட்டு, மறுகையால் ஓட்டுநரின் கையைப் பிடித்து, நாய் தானாகவே உள்ளே இழுத்துக்கொண்ட அந்தப் பின்னங்காலின் மேல் வைத்தார்.