பாடங்களைத் தொலையவிடாத எங்கள் அக்கா

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவரை நேசித்த உறவினர்களும் நண்பர்களும் கூடியிருக்கும் இந்நாளில், அவருடைய தம்பியாக, அவர் வாழ்ந்த விதத்தைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அக்கா மதுரை மகால் பகுதியில் ஒரு சௌராஷ்டிர நெசவுக் குடும்பத்தின் மூத்த மகளாகப் பிறந்தார். அவர் பி.காம். படிக்கும்போதே அப்பா நோயில் படுத்துவிட்டார். படிப்பை முடித்த கையோடு கணினிக் கடை ஒன்றில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தார். ஆனால் ஓய்வு கிடைத்தபோதெல்லாம் பழுது பார்க்கும் மேசையில்தான் இருந்தார். கேபிளுக்குள் இருக்கும் மெல்லிய கம்பிகளை நிற வரிசையில் அடுக்கி முனை பொருத்த அங்கேதான் கற்றார். அவர் சம்பாதித்துத்தான் நான் கல்லூரிக்குப் போனேன்.

அடக்கமானவர் என்று அக்காவை யாரும் சொன்னதில்லை. தெரிந்ததைத் தெரியும் என்று உரக்கச் சொல்வார். கணினி சொன்னபடி கேட்காவிட்டால் எங்கள் வீட்டு மொழியில் திட்டுவார். சுற்றியிருப்பவர்களுக்குப் புரியாதது அவருக்கு வசதியாக இருந்தது.

பின்னர், அத்தானை மணந்து எங்களோடு அதே வீட்டில் வாழ்ந்துகொண்டே, நாகமலை புதுக்கோட்டையில் ஓர் அறக்கட்டளை அலுவலகத்தின் கணினிகளுக்குப் பொறுப்பேற்றார். பார்வையற்ற கல்லூரி மாணவர்களுக்காகப் பாடநூல்களை வாசித்துப் பதிவுசெய்து அனுப்பும் சிறிய அலுவலகம் அது. கணினிகள் எல்லாம் நன்கொடையாக வந்தவை. ஒலிப்பதிவுக்கு ஒரு மேக், திருத்தத்துக்கு விண்டோஸ், மிகப் பழையவற்றில் லினக்ஸ். பாடங்கள் பென் டிரைவில் அறைக்கு அறை அலைந்தன. திருத்தியது எது, திருத்தாதது எது என்று தெரியாமல் ஒரு மாணவருக்குப் பாதிப் பாடம் போய்ச் சேர்ந்ததும் உண்டு.

அக்கா சுவரோரமாகக் கேபிள் இழுத்து எல்லாக் கணினிகளையும் இணைத்தார். ஒன்றைப் பொதுச் சேமிப்புக்கு ஒதுக்கினார். மேக்கில் வைத்த சில பெயர்களை விண்டோஸ் ஏற்காததால், கோப்புகளுக்குப் பெயரிட ஒரே முறையை வகுத்தார். அடுத்தது பேக்கப். இரண்டு ஹார்டு டிஸ்க் வாங்கி, ஒன்றை அலுவலகத்திலும் மற்றொன்றை எங்கள் வீட்டு பீரோவிலும் மாற்றி மாற்றி வைத்தார். நகலெடுக்கும் நேரம் தவிர அவற்றை எந்தக் கணினியிலும் இணைத்து வைக்க விடமாட்டார். மாதந்தோறும் நகலிலிருந்து பாடங்களை எடுத்து ஓடவிட்டுக் கேட்பார்.

பதிவுகளைக் கேட்டுப் பிழை சொல்லும் கணேசன் அண்ணன், அவரும் பார்வையற்றவர், ஒருமுறை கேட்டார்: "நல்லா இருக்குறதுக்கு எதுக்கும்மா இம்புட்டு பாடு?"

"எடுத்து வச்சா மட்டும் போதுமாண்ணே? திரும்ப வருதான்னு பாக்கணும்ல."

தேர்வுக்கு முந்தைய வாரம் அந்தச் சோதனை உண்மையிலேயே வந்தது. காலையில் அக்கா கிளம்பும்போது கணேசன் அண்ணன் போனில் அழைத்தார். யாரோ ஒரு மின்னஞ்சல் இணைப்பைத் திறந்திருக்கிறார்கள். பொதுச் சேமிப்பு உட்பட எல்லாக் கோப்புகளும் பூட்டிக்கொண்டன. பணம் கட்டினால்தான் திறப்போம் என்று திரையில் மிரட்டல்.

"எல்லாம் போச்சும்மா."

"போகலண்ணே. எல்லாக் கேபிளையும் புடுங்கச் சொல்லுங்க. வேற எதையும் யாரும் தொட வேணாம். நான் வாரேன்."

பீரோவிலிருந்த டிஸ்கைச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு என் ஸ்கூட்டரில் ஏறினார். அலுவலகத்தில் நிர்வாகி பதறிப்போயிருந்தார்.

"அதை உடனே இதுல சொருகிப் பாருங்கம்மா."

"சொருகினா இதுவும் போயிரும் சார். கொஞ்சம் பொறுங்க."

ஒரு பழைய கணினியை முற்றிலும் அழித்து, லினக்ஸைப் புதிதாக ஏற்றி, நெட்வொர்க்கில் சேர்க்காமல் தனியாக வைத்து, அதில்தான் டிஸ்கை இணைத்தார். ஒரு பாடத்தைத் தேர்ந்து ஹெட்போனைக் கணேசன் அண்ணன் காதில் மாட்டினார். அண்ணன் முகம் மெல்ல மலர்ந்தது.

"வருதும்மா. சுத்தமா வருது."

அக்கா நாற்காலியில் சாய்ந்து வாய்விட்டுச் சிரித்தார். மற்ற கணினிகளையும் ஒவ்வொன்றாக அழித்து மறுபடி இயங்க வைத்தார். அந்த வாரம் பதிவான சில பக்கங்களை மட்டும் திரும்ப வாசித்தார்கள். சாயங்காலத்துக்குள் பாடங்கள் மாணவர்களுக்குப் போய்விட்டன. சோழவந்தான் மாணவி ஒருத்தி மட்டும், காலையில் வர வேண்டியது ஏன் தாமதம் என்று போனில் கேட்டாள்.

"கொஞ்சம் வேலை இருந்துச்சும்மா. நீ படி," என்றார் அக்கா.

பின்னர் புற்றுநோய் வந்தது. மருத்துவமனையில் இருந்தபோது அலுவலகத்துக்கு ஒரு தேர்வு வைத்தார். "நான் இல்லேன்னு நெனச்சுக்கிட்டு எல்லாத்தையும் பேக்கப்புல இருந்து எடுங்க. எனக்குப் போன் பண்ணக் கூடாது." சொல்லிவிட்டுப் போனை அணைத்து என்னிடம் தந்தார். அன்று முழுவதும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். மாலையில் கணேசன் அண்ணன் வந்து, மீட்டெடுத்த பாடமொன்றைத் தம் போனில் ஓடவிட்டார். அக்கா கண்மூடி முழுவதும் கேட்டார்.

"எல்லாம் வந்துருச்சா?"

"அம்புட்டும் வந்துருச்சும்மா."

"சரி. இதுல 'ழ' சரியா வரல. திரும்பப் படிக்கச் சொல்லுங்க."

சில நாட்களில் அமைதியாக எங்களைப் பிரிந்தார்.

அக்காவைக் கண்ணுக்குக் கண்ணாகப் பார்த்துக்கொண்ட அத்தானுக்கும், மருத்துவர்கள், செவிலியர்களுக்கும், வேளை தவறாமல் சாப்பாடு கொண்டுவந்த தெருவாருக்கும் எங்கள் நன்றி. அலுவலகத் தோழர்களே, அக்கா இல்லாத இந்த ஓராண்டிலும் ஒரு பாடம்கூடத் தவறாமல் மாணவர்களிடம் சேர்த்திருக்கிறீர்கள். எங்கள் குடும்பம் எழுந்து நின்று உங்களை வணங்குகிறது.