குழந்தைவேலு மேஸ்திரியின் பாய் ராஜ்ஜியம்

1926-இல் ரங்கூன் ஜெட்டியில் நாற்பது மூட்டைத் தூக்கிகளை ஆண்டுவந்தவர் குழந்தைவேலு மேஸ்திரி. ஆண்டுவந்தவர்தானா என்று ஒரு மாதமாக அவருக்கே சந்தேகம். பக்கத்து ஜெட்டி சபாபதி மேஸ்திரி கண்ணடித்தே ஆறு ஆட்களை இழுத்துக்கொண்டுவிட்டான். குழந்தைவேலுவுக்கு உட்கார்ந்தால் நிற்கத் தோன்றியது, நின்றால் நடக்கத் தோன்றியது.

அப்போதுதான் கணக்குப்பிள்ளை நல்லையா, ஆட்கள் தங்கும் கொட்டடியில் பத்திரிகையை உரக்கப் படித்தார். மெக்சிகோ பக்கத்துக் காட்டில் முன்னொரு காலத்தில் மாயர் என்றொரு கூட்டம் ஆண்டதாம். அவர்கள் ராஜாவுக்குப் பாய்தான் சிம்மாசனமாம்.

அன்று சாயங்காலமே பபேடான் கடைத்தெருவில் வழவழப்பான பர்மியப் பாய் ஒன்று வாங்கப்பட்டது. மேஸ்திரி அதில் ஏறி அமர்ந்தார். "இனிமே எவனும் பாயை மிதிக்கப்படாது. வெளியே நின்னு பேசு."

"சரிங்கண்ணே" என்றான் மூட்டைக்கார ராஜரத்தினம். "அந்த ராஜா சனங்களுக்கு என்ன செஞ்சானாம்?"

நல்லையா அடுத்த பத்தியைப் படித்தார். குடிகளுக்காக ராஜா நாக்கில் முள்ளைக் குத்தி ரத்தம் சிந்துவானாம்.

கொட்டடியே நிமிர்ந்தது. "அட, நம்ம அலகு! நாலு நாள்ல பங்குனி உத்திரம் வருதுண்ணே!"

மேஸ்திரியோ அம்மை குத்த வந்த டாக்டருக்குப் பயந்து படகேறி ஆற்றுக்கு அக்கரையில் த்வாண்டே ஊருக்கு ஓடியவர். பத்திரிகையைப் பிடுங்கினார். "படத்தைப் பாருங்கடா! நாக்கில முள்ளுக்கயிறு இழுக்கிறது ராணி!"

எல்லாரும் கொட்டடிக்குச் சமைக்கும் அவர் மனைவி பவுனம்மாளைப் பார்த்தார்கள்.

"என் நாக்கு ஓட்டையாயிட்டா உங்களை யாரு திட்டுறதாம்?" என்றாள் அவள், கரண்டியை நிறுத்தாமல்.

"சபாபதி மேஸ்திரி போன வருசம் கன்னத்தில குத்திக்கிட்டாரு" என்றான் ராஜரத்தினம், கூரையைப் பார்த்தபடி.

அதற்கு மேல் ஓடப் படகு இல்லை.

உத்திரத்தன்று காலையில் மேஸ்திரியின் நாக்கில் வேல் குத்தியாயிற்று. ஒரு துளி ரத்தம் வரவில்லை. முருகன் அருள் என்றது கோயில். மாயர் சட்டப்படி ராஜா தோற்றார் என்றார் நல்லையா. வழக்குத் தீருமுன் ஜெட்டியில் கப்பல் ஊதியது. நாக்கில் வேலோடு ஓடிய மேஸ்திரி உத்தரவு போட வாயெடுத்தார். "ஆ" என்றுதான் வந்தது. ஆட்கள் தாங்களே அணி பிரிந்து மத்தியானத்துக்குள் அத்தனை அரிசியையும் ஏற்றிவிட்டார்கள். மேஸ்திரி கரையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தார்.

ராஜரத்தினம் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தான். "இனி நாங்க யாரும் சபாபதிகிட்ட போகலைண்ணே. உங்களை விட்டா எங்களுக்கு யாரு?"

மேஸ்திரிக்குக் கண் கலங்கியது. ஏதோ சொல்ல நினைத்து, நாக்கிலிருந்த வேலை உருவக் கையைத் தூக்கினார்.

ராஜரத்தினம் அந்தக் கையைப் பணிவோடு பிடித்துக்கொண்டான்.

"அவசரமில்லைண்ணே. நாளைக்கும் ஒரு கப்பல் இருக்கு."