சூடு குறையாத டிரெய்லர்

ஆர்லிஸ் பிரெக்ஹஸ் கணவன் வெர்லினை விவாகரத்து செய்தாள். ஆனால் அவனோடு சேர்ந்து நடத்திய தொழிலை விடவில்லை. தோர்விக் ஊரில் எங்களுக்கு இது வெகுநாள் பிடிபடவே இல்லை. காலையில் அவள் வீட்டு வாசலில் வெர்லினின் வண்டி வந்து நிற்கும். இருவரும் ஏறிக்கொண்டு வேலைக்குப் போவார்கள். சாயங்காலம் அவளை இறக்கிவிட்டுவிட்டு அவன் ஊரின் மறுகோடியில் இருக்கும் தன் வாடகை வீட்டுக்குப் போய்விடுவான்.

காபிக் கடையில் எப்போதும் உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஆர்டெல் ஒருமுறை அவளிடம் கேட்டே விட்டார். "ஏம்மா ஆர்லிஸ், வேணாம்னு கையெழுத்துப் போட்டுட்டு அவன் கூடவே சுத்துறியே, இது என்ன கூத்து?"

"புருஷன் இல்லாம இருந்துக்கலாம் ஆர்டெல். நல்ல நுரைக்காரன் இல்லாம இந்தக் குளிர்ல என்ன பண்றது? உங்க வீட்டுக்கு யார் வந்து அடிப்பா?"

பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்த வெர்லின், "கேட்டுக்குங்க. பத்து வருஷத்துல அவ என்னைப் புகழ்ந்தது இது ஒண்ணுதான்" என்றான்.

வீட்டுச் சுவர்களுக்குள் நுரை அடிப்பதுதான் அவர்கள் தொழில். இரண்டு பீப்பாய்களில் இரண்டு திரவங்கள் இருக்கும். நீளமான குழாய் வழியாக வந்து நுரைத் துப்பாக்கியின் முனையில் அவை கலந்ததும் பொங்கிப் பெருகிச் சுவரின் இடுக்கையெல்லாம் அடைத்து இறுகிவிடும். அதன் பிறகு வடக்கிலிருந்து எந்தக் காற்று வந்தாலும் உள்ளே நுழைய முடியாது. எங்கள் வட்டாரத்தில் பாதி வீடுகளில் குழந்தைகள் போர்வை இல்லாமல் தூங்குவது அந்த இருவராலும்தான்.

அந்தத் திரவங்களுக்குக் குளிர் ஆகாது. ஒன்று தேன் மாதிரிக் கெட்டிப்படும், மற்றது கற்கண்டு போலப் பூத்துவிடும். பிறகு தூக்கிப் போட வேண்டியதுதான். அதனால் பீப்பாய்கள் இருக்கும் டிரெய்லரை அக்டோபர் முதல் ஏப்ரல் வரை ஒரு பிள்ளைபெற்றவளைப் போலப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆர்லிஸ் வீட்டுக் கொல்லையில் மின்கம்பத்தை ஒட்டி அதை நிறுத்தியிருந்தார்கள். உள்ளே எந்நேரமும் ஒரு மின்சார ஹீட்டர் ஓடும்.

போன இலையுதிர்காலத்தில் ஆர்லிஸ் ஒரு காரியம் செய்தாள். ஊருக்கெல்லாம் அடிக்கும் நுரையைத் தன் டிரெய்லரின் உட்சுவரிலும் கூரையிலும் அடித்தாள். பின்சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு காற்றுத் துளை இருந்தது. அதையும் அடைத்தாள். என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். "பாத்தியா மார்வா, கதவைச் சாத்திட்டா ஈ கூட உள்ள வர முடியாது" என்று பெருமையாகச் சொன்னாள். எனக்கும் அது நல்ல வேலையாகத்தான் தெரிந்தது.

ஜனவரியில் அந்தப் பெருங்குளிர் இறங்கியது. வெந்நீரை வீசினால் தரைக்கு வருவதற்குள் புகையாகிவிடும் குளிர். அந்த வாரம் ஊர்ப் பெரியவர் ஒருவருடைய அடக்க ஆராதனை நடந்தது. முடிந்ததும் சர்ச்சின் கீழ்த்தளத்தில் எல்லோருக்கும் சாப்பாடு. நான் காபி ஊற்றிக்கொண்டிருந்தேன். ஆர்லிஸ் பன்றி இறைச்சி சாண்ட்விச்சுகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். திடீரென்று விளக்கெல்லாம் அணைந்தது. பனிக்கட்டியின் பாரத்தில் எங்கேயோ மின்கம்பி அறுந்துவிட்டது.

மற்றவர்கள் மெழுகுவர்த்தி தேட, ஆர்லிஸ் ஃபோனை எடுத்தாள்.

"வெர்லின், கரண்ட் போயிடுச்சு. டிரெய்லரப் போய்ப் பாரு."

அவன் குரல் எனக்கே கேட்டது. "அதுக்குள்ளதான் நிக்கிறேன். இங்க அப்பவே போயிடுச்சு. எங்கப்பாவோட மீன் கொட்டகை ஹீட்டரக் கொண்டாந்து பத்த வச்சாச்சு."

உறைந்த ஏரியின் மேல் கொட்டகை போட்டு மீன் பிடிப்பவர்கள் வைத்திருக்கும் காஸ் ஹீட்டர் அது. பழங்காலத்துச் சாமான்.

"சரி, கதவத் தொறந்து தொறந்து மூடாத. சூடெல்லாம் வெளிய போயிடும்."

"இத நீ எனக்குச் சொல்லித் தரணுமா? போ, போய்ச் சாண்ட்விச் தின்னு."

அவள் சிரித்துக்கொண்டே ஃபோனை வைத்தாள். சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவும் நேரத்தில், அவனுக்கும் கொஞ்சம் எடுத்துப் போகலாமா என்று கேட்க மறுபடி கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தான்.

"லிஸ்ஸி..." என்றான். குரல் குழைந்திருந்தது. "உருளக்கெழங்க அடுப்புல போட்டுட்டியா? எனக்குத் தூக்கமா வருது லிஸ்ஸி." பிறகு காரணமே இல்லாமல் சிரித்தான்.

ஆர்லிஸின் முகம் வெளிறியது.

"குடிச்சிருக்கானா?" என்று கேட்டேன்.

"வேலையில குடிக்க மாட்டான்." அவள் என் கையைப் பிடித்தாள். "மார்வா, அவன் என்ன லிஸ்ஸின்னு கூப்பிடுறான். கையெழுத்துப் போட்ட நாள்லேர்ந்து அப்படிக் கூப்பிட்டதே இல்ல."

கோட்டைக்கூட மாட்டாமல் படியேறி ஓடினாள். நான் பின்னால் ஓடி அவள் காரில் ஏறிக்கொண்டேன். வழியில் நான்தான் ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். பாதையெல்லாம் பனிக்கட்டி, வர நேரமாகும் என்றார்கள். தன் வீட்டுத் திருப்பத்தில் ஆர்லிஸ், "கதவத் தொறக்காதன்னு நான்தானே சொன்னேன்" என்றாள். என்னிடம் சொன்னதாகத் தெரியவில்லை.

டிரெய்லரின் கதவைத் திறந்ததும் எங்கள் முகத்தில் அடித்தது வெதுவெதுப்பான காற்று. அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். உள்ளே கோடைகாலம் போல இருந்தது. பீப்பாய்கள் பத்திரமாக இருந்தன. ஹீட்டர் மெல்ல உறுமிக்கொண்டிருந்தது. அதன் எதிரே ஒரு கவிழ்த்த வாளிக்குப் பக்கத்தில் வெர்லின் தரையில் கிடந்தான். கன்னங்கள் ரோஜாப் பூ நிறத்தில் இருந்தன. இவ்வளவு ஆரோக்கியமாக அவனை நான் பார்த்ததே இல்லை.

"உள்ள வராத!" என்று என்னைப் பார்த்துக் கத்திவிட்டு, கதவோரம் தொங்கிய முகமூடியை மாட்டிக்கொண்டு ஆர்லிஸ் உள்ளே பாய்ந்தாள். நுரை அடிக்கும்போது போடுகிற முகமூடி அது. அடைத்த இடத்தில் எரிந்த காஸ் ஹீட்டர் கக்கிய கார்பன் மோனாக்சைடு என்ற நஞ்சை அது துளியும் தடுக்காது என்று பிறகு டாக்டர் சொன்னார்.

முதலில் ஹீட்டரை அணைத்தாள். அவன் அக்குளில் கைகொடுத்து இழுத்துப் பார்த்தாள். வெர்லின் மாடு மாதிரி ஆள். அசையவில்லை. அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். பீப்பாய் தள்ளும் இரண்டு சக்கர வண்டி ஓரமாக நின்றது. அதை அவன் முதுகுக்குக் கீழே செருகி, பீப்பாயைக் கட்டும் பட்டையை அவன் மார்பில் சுற்றி இறுக்கினாள். தினமும் செய்கிற வேலைதான். காலை அச்சில் ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து ஒரே நெம்பு. வண்டி நிமிர்ந்தது. அவன் தலை ஒரு பக்கம் தொங்க, சாய்பலகை வழியாகக் கீழே உருட்டிக்கொண்டு வந்தாள். வெளியே வந்ததும் அவளே முழங்கால் மடிந்து பனியில் விழுந்தாள்.

"மூச்சு இருக்கா? மார்வா, மூச்சு இருக்கா பாரு!"

இருந்தது. நூல் போல இருந்தது. கன்னத்தில் அறைந்தேன். வாந்தி எடுத்தான். குளிரில் விறைத்துவிடாமல் இருக்க இருவரும் அவனைக் காரின் பின்சீட்டுக்குள் ஏற்றி, நல்ல காற்று வரக் கண்ணாடிகளையெல்லாம் இறக்கிவிட்டு ஹீட்டரை முழுவதும் திருப்பி வைத்தோம். ஆர்லிஸ் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "தூங்காதய்யா, தூங்காத, கெழங்கு வெந்துடுச்சு, எழுந்திரு" என்று பிதற்றிக்கொண்டே இருந்தாள்.

பெரிய ஊர் ஆஸ்பத்திரியில் அவனைப் பிராணவாயுவை அழுத்தி நிரப்பிய அறைக்குள் வைத்தார்கள். பிழைத்துவிட்டான். கண் விழித்தபோது ஆர்லிஸ் பக்கத்தில் இருந்தாள். அங்கே நடந்ததை அவள் எனக்கு ஒரே தடவைதான் சொன்னாள்.

"வா, வீட்டுக்குப் போலாம்" என்றானாம்.

"உன் வீட்டுக்கு நான் கொண்டுபோய் விடுறேன்."

"என் வீடா? நம்ம வீடு என்ன ஆச்சு?"

அவன் வேடிக்கை செய்யவில்லை என்று அவளுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. அந்தப் புகையில்லாத நஞ்சு அவன் தலையிலிருந்து பத்து வருடங்களுக்கு மேல் துடைத்து எடுத்திருந்தது.

"வெர்லின், நாம பிரிஞ்சுட்டோம்."

"நாமளா?" அவன் கண்கள் அகன்றன. "எதுக்கு?"

எதற்கு என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். தன் அம்மா சாகக் கிடந்த அன்று ஆர்லிஸ் வெர்லினை ஃபோனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அவன் ஏரியில் மீன் பிடித்துக்கொண்டிருந்தான். இருட்டிய பிறகு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "ஐஸ் மேல சிக்னல் எடுக்காது, நான் என்ன பண்ணுவேன்?" என்பதுதான் அன்றைக்கும் அதற்குப் பிறகும் அவன் சொன்ன ஒரே பதில். ஒரு வார்த்தைகூட வருத்தம் தெரிவிக்கவில்லை.

அதை அவள் அந்தக் கட்டிலருகே நின்று சொன்னாள். சொல்லி முடித்ததும் அவன் கேட்டது பிரிவைப் பற்றி இல்லை.

"உங்கம்மா செத்துட்டாங்களா?"

பிறகு அழுதான். சத்தம் போட்டு, மூக்கு ஒழுக, நர்ஸ் ஓடி வரும் அளவுக்கு அழுதான். "நானா வரல? அவங்க என்ன அவ்ளோ நல்லா பாத்துக்கிட்டாங்களே. நானா வராம இருந்தேன்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். ஆர்லிஸ் பத்து வருடமாகக் காத்திருந்த அழுகை அது. வந்தபோது அதை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

தனியாக விட முடியாது என்று டாக்டர்கள் சொன்னதால் அவனைத் தன் வீட்டுக் கீழறையில் தங்க வைத்தாள். நினைவு துண்டு துண்டாகத் திரும்பியது. ஒருநாள் நாயின் பெயர், ஒருநாள் வாடகை வீட்டின் படிக்கட்டு. எது வந்தாலும் ஓடிவந்து சொல்வான். ஆர்லிஸ் ஒவ்வொரு முறையும் திடுக்கிடுவாள். பழைய வெர்லின் வந்துவிடுவானோ, அந்த அழுகையையும் மறந்துவிடுவானோ என்று பயம்.

மார்ச் மாதம் ஒரு காலையில் சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"ஏரி ஞாபகம் வந்துடுச்சு" என்றான்.

அவள் கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"ஐஸ் மேல சிக்னல் எடுக்காதுன்னு சொன்னேன்ல. எடுத்துது லிஸ்ஸி. அடிச்சுக்கிட்டே இருந்துது. உன் பேரப் பாத்தேன். மீன் கடிச்சிட்டு இருந்த நேரம். அப்புறம் பேசிக்கலாம்னு பைக்குள்ள போட்டுட்டேன்."

அவனை அலட்சியக்காரன் என்று இத்தனை காலம் நினைத்திருந்தாள். பொய்யன் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

"இப்ப எதுக்குச் சொன்ன?"

"ஆஸ்பத்திரியில நீ சொன்னப்போ அப்படிச் செஞ்சவன் யாரோன்னு நெனச்சேன். அவன் மேல எனக்கு அவ்ளோ கோவம் வந்துது."

அவனை அன்றே வெளியேறச் சொன்னாள். அவன் பையை எடுத்துக்கொண்டு நடந்து போனான். அவள் நேரே என் வீட்டுக்கு வந்தாள். "அன்னிக்கு அழுதவனும் இவன்தான், ஃபோனப் பையில போட்டவனும் இவன்தான். நான் யாரப் பாத்துப் பேசுறது மார்வா?" என்றாள். காபி போட்டுக் கொடுத்தேன். ஆறிப்போகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சில வாரங்கள் பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தியை வைத்து வேலை செய்தாள். அந்தப் பெண்ணைக் கொண்டே டிரெய்லரின் இரண்டு சுவர்களிலும் பெரிய காற்றுத் துளைகள் வெட்டினாள். அந்த நஞ்சுக்கு மணம் கிடையாது, அதனால் அது சேர்ந்தால் அலறும் கருவி ஒன்றையும் மாட்டினாள். பனி உருகத் தொடங்கியபோது வெர்லினின் வண்டி மறுபடி அவள் வாசலில் நின்றது. ஹாரன் அடிக்காமல், கதவைத் தட்டாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவான். மறுநாளும் வருவான். ஒருநாள் அவள் வெளியே வந்து ஏறிக்கொண்டாள்.

இப்போது துப்பாக்கியைப் பிடிப்பது அவள்தான். அவனுக்குக் கை நடுங்குகிறது, குழாயை மட்டும் இழுத்துக் கொடுக்கிறான். கல்யாணப் பேச்சு எடுத்தால் ஆர்டெலுக்கு வசவு கிடைக்கும்.

போன வாரம் நான் மனசு கேட்காமல் கேட்டேன். "அவன மன்னிச்சிட்டியா?"

"இல்ல" என்றாள் உடனே.

"அப்புறம் எப்படி அவன் கூட..."

அவள் கையுறையை மாட்டிக்கொண்டாள்.

"அவன் அங்க கெடந்தான் பாரு, செத்துட்டான்னே நெனச்சேன். அந்த நேரத்துல எனக்கு எதுவுமே ஞாபகம் வரல மார்வா. அம்மாகூட வரல. இவன வெளிய இழுக்கணும், அது மட்டும்தான் இருந்துது." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "என்னப் பெத்த அம்மாகூட வரல. அத நெனச்சா எனக்கே தூக்கிவாரிப் போடுது."

வெளியே வெர்லின் வண்டியைக் கிளப்பும் சத்தம் கேட்டது. அவள் போனாள்.