டாக்டர் சஃபீனாவிடம் தர்ஜுமா செல்லாது

மும்பையில் குர்லா ஸ்டேஷன் பாலத்தில் டாக்டர் சஃபீனா ஏறிக்கொண்டிருக்கிறார் என்றால், அவருக்கு முன்னால் ஏறுகிறவர் மாட்டிக்கொண்டார் என்று அர்த்தம். தோள் தூக்கிப் போடுகிறதா, கழுத்து நரம்பு புடைக்கிறதா, செருப்பைச் சரிசெய்கிற சாக்கில் நடுப்படியில் நிற்கிறாரா, எல்லாவற்றையும் நோட்டம் விட்டுக்கொண்டே வருவார். உச்சிப்படி வந்ததும் பொறுக்காது. "பாய்சாப், கித்னே சால் ஸே ஐஸா?", எத்தனை வருஷமாக இப்படி, என்று கேட்டே விடுவார். காட்கோபர் வியாபாரி ஒருவர், இன்ஷூரன்ஸ் விற்க வந்திருக்கிறார் என்று நினைத்து, "நஹி சாஹியே", வேண்டாம், என்று சொல்லிவிட்டு ஓட்டமெடுத்தார். "ஓடுனாருல்லா, அப்பத்தான் வீசிங் நல்லாக் கேட்டுச்சு" என்று சஃபீனா அதையும் சந்தோஷமாகத்தான் சொல்கிறார்.

காருக்கு வழியில்லாதவர் அல்ல. செம்பூரில் அவர் குடியிருக்கும் கட்டடத்தின் கீழே தார்ப்பாய் போர்த்திய கார் ஒன்று தூங்குகிறது. கேட்டால், "காருக்குள்ள என்ன கேக்கும்? ஹாரன்தான் கேக்கும்" என்பார். தாராவியில் பட்டறை வைத்திருக்கும் தம்பி ஆஷிக் போன் செய்தால், ஸலாம் சொல்லி முடிப்பதற்குள் "என்னடே, மாடி ஏறிக்கிட்டா பேசுத? பீடியத் தொட்டியா?" என்று ஆரம்பித்துவிடுவார். ஆஷிக் இப்போதெல்லாம் மெசேஜ்தான் அனுப்புகிறார்.

நுரையீரல் வைத்தியமும் தீவிர சிகிச்சையும் அவர் தொழில். எம்.டி. முடித்த பிறகும் ஆசை அடங்காமல் இந்த இரண்டையும் மேலே படிக்க வரும் இளம் டாக்டர்களுக்கு ஆஸ்பத்திரியில் 'ஃபெலோ' என்று பெயர். அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது சஃபீனாவின் பொறுப்பு. அவர் வகுப்பில் ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. நோயாளி தன் மூச்சைப் பற்றிச் சொன்னதை இங்கிலீஷில் தர்ஜுமா, அதாவது மொழிபெயர்ப்பு, செய்யக் கூடாது. 'பிரெத்லெஸ்' என்று யாராவது ஆரம்பித்தால் போச்சு. "அது உன் வார்த்தை. அவரு என்ன சொன்னாரு? அத அப்படியே சொல்லு. தர்ஜுமா வேணாம்" என்று நிறுத்திவிடுவார்.

இது வெறும் கிறுக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. நெஞ்சைக் கட்டுது என்கிறவருக்கும் காத்து பத்தல என்கிறவருக்கும் நோய் வேறு வேறாக இருக்கலாம். பாதி நோயை வார்த்தையே காட்டிக்கொடுக்கும் என்பது அவர் கட்சி. ஹிந்திக்காரருக்கு மூச்சு உப்புகிறது. மராட்டிக்காரர் 'தம் லாக்தோ', தம் முட்டுகிறது, என்கிறார். அணுசக்தி நகரிலிருந்து வந்த ரிட்டயர்டு என்ஜினீயர் ஒருவர், "பம்ப் ஓடறது டாக்டர், பிரஷர்தான் வரல்லே" என்றாராம். அன்று முழுக்க சஃபீனா அதை ருசித்து ருசித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கு மேல் அந்த என்ஜினீயருக்கு எக்ஸ்ரே எதற்கு என்று கேட்கிற அளவுக்குப் போய்விட்டார். ஆனாலும் எடுத்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இப்படிப்பட்டவரின் வகுப்பில்தான் போன மழைக்காலத்தில் பத்ரி அகப்பட்டார்.

பத்ரி கல்யாணில் பிறந்து வளர்ந்தவர். கெட்டிக்காரர், கை சுத்தம், நோயாளிகளிடம் பொறுமை. தமிழ் மட்டும் சாப்பாட்டுத் தமிழ். போறும், வேண்டாம், இன்னும் கொஞ்சம் ரசம், இந்த எல்லைக்குள் தடுமாறாமல் போய்வருவார். அதைத் தாண்டினால் வீட்டில் காதில் விழுந்ததை வைத்து ஒப்பேற்றுவார். ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. ஆனாலும் வார்டில் தமிழ் நோயாளி யார் வந்தாலும் "பத்ரிய அனுப்பு" என்பார் சஃபீனா. பத்ரிக்கும் அதில் ஒரு பெருமை. தமிழ்க்காரர் அல்லாத மற்ற ஃபெலோக்களுக்கு அவர்தானே துபாஷி!

தாராவி இனாயத்துல்லாவுக்கு அன்று காலையில்தான் தொண்டைக் குழாயை எடுத்திருந்தார்கள். தோல் பை தைக்கிற பட்டறைக்காரர். பல வருஷத்து பீடி, நைந்துபோன நுரையீரல். வெண்டிலேட்டரிலிருந்து அவரைக் கழற்றி எடுப்பதற்குள் எல்லோருக்கும் போதும் போதும் என்றாகிவிட்டது. மறுபடி குழாய் போட நேர்ந்தால் அதை எடுப்பது நடக்குமோ நடக்காதோ என்று அவருடைய மனைவி மெஹராஜிடம் சஃபீனா ஒளிக்காமல் சொல்லியிருந்தார்.

மத்தியானம் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. புது நோயாளி ஒருவரைப் படுக்கையில் சேர்த்துவிட்டு அவசர அவசரமாக வந்து உட்கார்ந்தார் பத்ரி.

"இனாயத்துல்லா எப்பிடி இருக்காரு?" என்று கேட்டார் சஃபீனா.

"தீக் ஹை மேடம். ஆக்ஸிஜன் நைன்ட்டி சிக்ஸ். ஆன்ட்டிய வாசல்ல பாத்தேன். சாஸ் லே ரஹே ஹைன்."

மூச்சு விடுகிறாராம். மற்ற ஃபெலோக்கள் தலையாட்டினார்கள். சஃபீனா ஆட்டவில்லை.

"மெஹராஜம்மா ஹிந்தியிலயா சொன்னாங்க?"

"இல்ல மேடம், தமிழ்ல."

"தமிழ்ல என்ன சொன்னாங்க? அதே வார்த்தை."

பத்ரி பாடம் ஒப்பிக்கிற மாதிரி நிறுத்திச் சொன்னார். "மூச்சு... வாங்குது."

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. சஃபீனா அதற்குள் தாழ்வாரத்தில் ஓடிக்கொண்டிருந்தார். என்ன நடந்தது என்று தெரியாமலே பத்ரியும் பின்னால் ஓடினார்.

இனாயத்துல்லா கட்டிலில் முன்னால் குனிந்து, இரண்டு கையையும் ஊன்றி உட்கார்ந்திருந்தார். விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்ளே போய்ப் போய் வந்தது. மானிட்டரில் ஆக்ஸிஜன் இன்னமும் தொண்ணூற்றாறு என்றே பச்சையாக நின்றது. மூக்கில் ஆக்ஸிஜன் ஓடும்போது அந்த எண் நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும். "என்ன செய்யுது?" என்று கேட்டதற்கு, "தண்..." என்றார், ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "...ணி" என்றார். ஒரு சொல்லையே இரண்டாக உடைத்துத்தான் அவரால் பேச முடிந்தது.

முகத்தோடு இறுக்கிக் கட்டிக் காற்றைத் தள்ளுகிற மாஸ்க்கைப் போட்டார்கள். மெஹராஜ் சஃபீனாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்தக் கொழா மட்டும் வேணாம் டாக்டரம்மா. ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"இந்த மாஸ்க்குக்குக் கேட்டுச்சுன்னா வேணாம். கேக்கலன்னா போட்டுத்தான் ஆவணும்" என்றார் சஃபீனா.

பத்ரிக்கு முகத்தில் ரத்தமே இல்லை. "மேடம், ஐ ஆம் ஸாரி. அப்படின்னா என்ன அர்த்தம்?"

திட்டு விழும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். சஃபீனாவுக்கோ இந்த நேரத்திலும் அந்தப் பாழாய்ப்போன ஆர்வம் முந்திக்கொண்டது. "நீ என்னன்னு நெனச்ச?"

"வாங்கறதுன்னா... ஆத்துல அம்மா பால் வாங்கிண்டு வான்னு சொல்லுவா. அப்போ மூச்சு வாங்கறதுன்னா, மூச்சு வந்துண்டிருக்கு, கெடைச்சுண்டிருக்குன்னு..."

சஃபீனாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தார்; கண்ணில் தண்ணீர்தான் வந்தது. பிறகு பத்ரியின் தோளைத் தொட்டு, "ஒன் தப்பு பாதிதான். ஒன் பேரப் பாத்துட்டு, தமிழ்ப் புள்ளைன்னு நம்பித் தனியா அனுப்புனது நானு. மூச்சு எரைக்குதுன்னு அதுக்கு அர்த்தம். இப்ப மாஸ்க்கப் புடி, அவரு பிடுங்கிப் போட்டுருவாரு" என்றார்.

அன்று வகுப்பு அதோடு சரி. பத்ரி கட்டிலோரம் நின்று, முரண்டு பிடிக்கிற மாஸ்க்கை முகத்தோடு அணைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். இனாயத்துல்லா முதலில் கையைத் தட்டிவிட்டார், பிறகு முறைத்தார், பிறகு வேறு வழியில்லாமல் இயந்திரத்தோடு ஒத்துப்போக ஆரம்பித்தார். சஃபீனா ஸ்டூலைப் போட்டு எதிரே உட்கார்ந்துவிட்டார். வெளியே மழை பிடித்துக்கொண்டது. சாயங்காலம் எடுத்த ரத்தப் பரிசோதனையில், தேங்கியிருந்த கரியமிலவாயு இறங்கியிருந்தது. விலாவில் குழி விழுவதும் நின்றிருந்தது. இனி மாஸ்க் இல்லாமல் தாக்குப் பிடிப்பாரா என்பதுதான் கேள்வி. பிடிக்காவிட்டால் குழாய்.

"கழட்டு. நீயே கழட்டு" என்றார் சஃபீனா.

பத்ரி வாரைத் தளர்த்தினார். மாஸ்க் இறங்கியது. இனாயத்துல்லாவின் கன்னத்தில் பள்ளமாய் அச்சு விழுந்திருந்தது. அவர் வாயைத் துடைத்துக்கொண்டு பத்ரியை ஏற இறங்கப் பார்த்தார். கட்டிலோரத்தில் நடந்த பால் பேச்சு முழுக்க அவர் காதில் விழுந்திருக்கிறது!

"ஏ தம்பி, நான் இங்க மூச்சுக்குப் பறந்துக்கிட்டு சாவக் கெடக்கேன், நீ என்னடான்னா பால் வாங்குத கணக்கா மூச்சு வாங்குதுன்னு போயிச் சொல்லிருக்க, கல்யாணுல ஒங்க வீட்டுல தமிழே பேச மாட்டாவளா, இல்ல ஒங்கம்மா நாள்பூரா ஹிந்தி சீரியலு பாத்துக்கிட்டுக் கெடக்காவளா, ஒன்னப் பெத்து டாக்டருக்குப் படிக்கவச்சவிய ரெண்டு வார்த்த..."

மெஹராஜ் பதறிப்போய்க் கையை உதறினார். "ஏங்க! டாக்டரப் போயி இப்பிடியா..."

"பேசட்டும், ஒரே மூச்சுல பேசுதாரு" என்று சஃபீனா ஸ்டூலிலிருந்து எழுந்து, இனாயத்துல்லாவின் வாயை விட்டுக் கண்ணை எடுக்காமலே, மெஹராஜின் வாயை உள்ளங்கையால் பொத்தினார்.