அறுகம்பைப் பாலம் வரை எழுபத்தேழு கிலோமீற்றரும் இரண்டு களிசான்களும்

போய்ச் சேர்ந்துவிட்டோம்! பயணக் கட்டுரையில் இதைக் கடைசியில்தான் சொல்ல வேண்டும் என்று தெரியும், ஆனால் நாற்பத்து நான்கு வயதில் மருதமுனையிலிருந்து பொத்துவிலை அடுத்த அறுகம்பைப் பாலம் வரை சைக்கிள் ஓடியவனுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. அதுவும் ஒரு முறை அரைவழியில் தோற்றுத் திரும்பியவனுக்கு.

இது நானும் ஜெயகரனும் பாடசாலைக் காலத்திலிருந்து சொல்லிக்கொண்டே வந்த பயணம். அவன் பெரியநீலாவணைக்காரன், கடலுக்குப் போகிறவன். நான் மாவட்ட அலுவலகமான கச்சேரியில் கோப்புகளோடு மல்லுக்கட்டுகிறவன். ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஒருவழியாகக் கிளம்பினோம். நீண்ட ஓட்டத்துக்குப் அடியில் பஞ்சு வைத்த களிசான், அதாவது ஒட்டிப்பிடிக்கும் அரைக் காற்சட்டை, வேண்டும் என்று எங்கோ பார்த்துவிட்டு, 3,200 ரூபாய்க்கு ஒன்று வாங்கியிருந்தேன். கடையில் இருந்ததிலேயே தடித்த பஞ்சு. தடிப்பாக இருந்தால் சுகமாக இருக்கும் என்பது என் கணக்கு. அதற்கு உள்ளே வழக்கமான ஜங்கி, மேலே நீளக் காற்சட்டை, சீற்றுக்கு ஒரு ஸ்பொஞ்ச் உறை. வீட்டிலேயே தையல் வேலை செய்யும் என் மனைவி சிபானியா வாசலில் நின்று பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“இஞ்சருங்க, நீங்க பொத்துவிலுக்கா போறீங்க, குளிருக்குள்ள நுவரெலியாவுக்கா?”

அக்கரைப்பற்று மணிக்கூட்டுக் கோபுரத்தடியில், சரியாக முப்பதாவது கிலோமீற்றரில், என் தொடையிடுக்கு தீப்பிடித்துவிட்டது. உட்காரவும் முடியவில்லை, நடக்கவும் முடியவில்லை. “எனக்கு ஏலா மச்சான்” என்றேன். ஜெயகரனுக்கு ஒரு வலியும் இல்லை. ஆனாலும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. “சரி, கிறுகுவம். பாலம் எங்கயும் ஓடிப் போகாது” என்றான். முச்சக்கரவண்டியின் மேலே சைக்கிள்களைக் கட்டிக்கொண்டு ஊர் வந்தோம். நான் வழியெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்தபடியே வந்தேன்.

பாலம் ஓடவில்லை. ஜெயகரன்தான் ஓடப்போகிறான் என்று ஜூலையில் தெரிந்தது. கட்டாரில் லொறிச் சாரதி வேலை, இரண்டு வருட ஒப்பந்தம், புதன்கிழமை விமானம். எங்களிடம் மிஞ்சியிருந்தது ஒரேயொரு சனிக்கிழமை.

அந்த வாரம் கல்முனையில் நான்கு கடை ஏறி இறங்கினேன். நான்காவது கடைக்காரர், தாடி நரைத்த மனிதர், நான் களிசானைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றதும் சிரித்தார். “நிண்டு பாக்காதீங்க தம்பி. நிண்டா எல்லாம் புள்ளைக்கு பம்பஸ் கட்டின மாதிரித்தான் தொங்கும். சைக்கிளக் கொண்டு வாங்க.” உண்மையாகவே என் சைக்கிளைக் கடைக்குள் உருட்டிவரச் சொல்லி, அதில் ஏறி உட்காரவைத்து, தானே ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டார். குனிந்து மிதித்துப் பார்த்தால்தான் தெரிகிறது! பஞ்சு தடிப்பாக இருக்க வேண்டியதில்லை. அமுக்கினால் மெத்தென்று அமுங்கி அப்படியே தட்டையாகிவிடும் பஞ்சு உதவாது, திரும்பி எழும்ப வேண்டும். உட்காரும் இரண்டு எலும்புகளுக்கும் நேர் கீழே அது இருக்க வேண்டும். துணி தோலோடு ஒட்டியிருக்க வேண்டும், மடிப்பு விழக்கூடாது.

பிறகு அவர் குரலைத் தணித்தார். “உள்ளுக்கு ஏதும் போடுறீங்களா?”

“ஓம். போடாம எப்பிடி?”

“அங்கதான் பிழை. அந்தத் தையல்தான் உங்கள அறுத்திரிக்கி. இதுக்குள்ள ஒண்டும் போடப்படாது.”

எனக்கு முகம் சிவந்துவிட்டது. உள்ளே ஒன்றும் போடாமல், இறுக்கமான களிசானோடு, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில் என்று சொந்தக்காரர் இல்லாத சந்தியே இல்லாத வீதியால் போவதா? சிபானியாதான் வழி செய்தாள். முழங்காலுக்குக் கீழே நான்கு விரல் இறங்குகிற மாதிரி, காற்றுப் போகும் மெல்லிய பருத்தியில் மேலே போட ஒன்று தைத்துத் தந்தாள். சங்கிலியில் மாட்டாதபடி கால் பக்கம் இறுக்க நாடா. புதிய களிசான் 5,800 ரூபாய், மேலே போட்டது அன்பளிப்பு.

அந்தச் சனிக்கிழமை நான் அதிகாலைச் சுபஹ் தொழுததும் 5.10க்கு இருவரும் வெளிக்கிட்டோம். “உனக்கும் ஒண்டு வாங்குவமா?” என்று முந்திய நாளே கேட்டிருந்தேன். “தோணிப் பலகையில குந்திக் குந்தி மரத்துப்போன உடம்பு இது. எனக்கென்னத்துக்குப் பஞ்சு?” என்று நெஞ்சை நிமிர்த்திவிட்டான். சிபானியா என் பழைய தடித்த களிசானைத் தோய்த்து, மடித்து என் பைக்குள் திணித்திருந்தாள். பாரம் என்று எடுக்கப் பார்த்தேன். “கெடக்கட்டும், ஆருக்காச்சும் ஒதவும்” என்றாள்.

என்ன ஓட்டம் தெரியுமா! சாய்ந்தமருதுக் கடற்கரையில் வெளுப்பு, காரைதீவில் சூரியன், நிந்தவூரில் பால் விடாத முதல் பிளேன்ரீ (60 ரூபாய்). ஒலுவில் துறைமுகத்துக்குத் திரும்பும் சந்தியில் மீன் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர் எங்களோடு பந்தயம் விட்டார், பாவம் என்று விட்டுவிட்டோம். 7.25க்கு அதே மணிக்கூட்டுக் கோபுரம். நான் நிற்கவே இல்லை. அதைக் கடந்ததும் கத்திவிட்டேன், ரொட்டிக்கடை வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

திருக்கோவிலில் அப்பம் சாப்பிட்டோம், 43 கிலோமீற்றர். அதற்குப் பிறகு வீடுகள் ஐதாகின்றன, மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று பக்கவாட்டில் அடிக்கத் தொடங்குகிறது. கோமாரிக்குக் கொஞ்சம் முன்னால் ஜெயகரன் சீற்றில் உட்காராமல் எழுந்து நின்று மிதிப்பதைக் கண்டேன். கேட்டதற்கு, காற்று வாங்குகிறானாம். கோமாரித் தேத்தண்ணிக் கடையில், 59ஆவது கிலோமீற்றரில், கதிரையில்கூட உட்காராமல் நின்றுகொண்டே குடித்தான்.

“நீ போ மச்சான்” என்றான். “நான் பஸ்ஸில வாறன். நீயாவது ஓடி முடி.”

எனக்குக் கோபம் வந்தது. “அந்தப் பாலத்த நான் தனியப் பாத்து என்ன செய்ய? புதன்கிழமை நீ போயிருவாய். மறுகா நான் ஆரோட வாற?” என்றேன். அவன் ஜூனில் திரும்பிய மாதிரி நானும் திரும்பலாம். ஆனால் அவனுக்கு அடுத்த சனிக்கிழமை இல்லை. அப்போதுதான் பைக்குள் கிடந்த பழைய களிசான் ஞாபகம் வந்தது.

கடைக்காரரிடம் கேட்டு, பின்பக்கம் போய் மாற்றிக்கொண்டு வந்தான். ஏறி மிதித்தான். இருநூறு மீற்றர் போவதற்குள் மறுபடியும் எழுந்து நின்றான்.

“உள்ளுக்கு என்ன போட்டிரிக்காய்?”

“வழக்கமாப் போடுறதுதான். என்னடா கேள்வி இது?”

“அதக் கழட்டு.”

“விசரா உனக்கு? ரோட்டுலயா?”

வீதியோரம் நின்று, கல்முனைக் கடைக்காரர் எனக்குச் சொன்னது முழுவதையும் அதே தணிந்த குரலில் அவனுக்குச் சொன்னேன். பற்றைக்குப் பின்னால் போனவன், கையில் ஒரு சிறு பொட்டலத்தோடு திரும்பி வந்து, அதை என் பைக்குள் போடப் பார்த்தான். விடவில்லை. இந்த முறை மெதுவாக உட்கார்ந்தான், மிதித்தான், திரும்பிப் பார்த்துச் சிரித்தான். ஏற்கெனவே புண்ணாகிய இடம் வலிக்கத்தான் செய்தது, ஆனால் தாங்கக்கூடிய வலியாம். 11.47க்கு பாலத்தின் நடுவில் இரண்டு சைக்கிள்களையும் சாத்தினோம். ஜெயகரன் கைபிடிச் சுவரைத் தட்டி, “ஓடாமத்தான் நிண்டிரிக்கி” என்றான். நான் அழுதேன், வெயில் என்று சொல்லிவிட்டேன்.

சிபானியா தைத்துத் தந்ததன் அருமை அதற்குப் பிறகும் தெரிந்தது. மேலே போட்டது முழங்காலை மறைத்ததால் எனக்கு மதிய லுஹருக்குத் தொழ இடைஞ்சல் இல்லை. ஆனாலும் வியர்வையில் ஊறியதோடு நிற்க மனம் கேட்கவில்லை, மாற்றி உடுத்த ஒரு சுத்தமான சாரம் கொண்டுபோனது நல்லதாகப் போயிற்று. திரும்பி வந்தது கல்முனைக்குப் போகும் ஒரு சிறிய லொறியில், சைக்கிளோடு ஆளுக்கு 1,500 ரூபாய்.

நீங்கள் போவதென்றால் மே முதல் செப்டெம்பர் வரை போங்கள், ஆனால் காற்று வலுக்கும், திருக்கோவிலை எட்டரைக்கு முன் கடந்துவிடுங்கள். கோமாரிப் பக்கம் யானை வரும், இருட்டோடு அங்கே நிற்க வேண்டாம். களிசானை வாங்கியவுடன் நீண்ட தூரம் போகாமல், முதலில் நற்பிட்டிமுனை வயல் வீதியில் பத்துக் கிலோமீற்றர் ஓடிப் பாருங்கள். உரசும் இடத்தில் கொஞ்சம் வாசலீன் போதும். ஓடி முடிந்த அன்றே தோய்த்து நிழலில் காயப்போடுங்கள். உள்ளே ஒன்றும் போடாதீர்கள், வெட்கம் ஐந்து கிலோமீற்றரில் போய்விடும், புண் ஐந்து நாளானாலும் போகாது. முடிந்தால் இரண்டு வாங்குங்கள். கூட வருகிறவன் தனக்குத் தேவையில்லை என்றுதான் சொல்வான்.

என்னிடம் இப்போது ஒன்றுதான் இருக்கிறது. புதன்கிழமை காலை வேன் வந்து நின்றபோது, “என்ட களிசான் எங்கடா?” என்று கேட்டேன். “பெட்டிக்குள்ள அடியில கெடக்கு” என்றான் ஜெயகரன். “லொறி சீற்றும் பலகைதானாம். ரெண்டு வருஷத்தில கொண்டு வந்து தாறன்.”

கொண்டு வந்துதான் தர வேண்டும் என்று சொல்லிவிட்டேன். தபாலில் அனுப்பினால் வாங்க மாட்டேன்.