டீக்கடை ரேடியோவில் எழுந்த சீழ்க்கை

பந்தல்குடியில் தூத்துக்குடி ரோட்டோரம் பருத்திக்கொட்டை, புண்ணாக்குக் கடை வைத்திருந்த தனுஷ்கோடிக்கு ரேடியோ என்றால் உயிர். அருப்புக்கோட்டை ரிப்பேர் கடைகளில் கழித்துப்போட்ட வால்வுகளையும் காயில்களையும் வாங்கிவந்து, வியாபாரம் ஓய்ந்த மத்தியானங்களில் எதையாவது கோத்துக்கொண்டிருப்பார். அப்படி ஒரு பெட்டி பிறந்தது. அதன் கம்பிக்குக் கிட்டே கையைக் கொண்டுபோனால் ஓசை ஏறும், விலக்கினால் இறங்கும். கை பழகப் பழக அதில் பாட்டே வந்தது.

1966 மாரியம்மன் பொங்கலில் அதை ஊருக்கு வாசித்துக் காட்ட ஆசைப்பட்டார். மைக்செட், எதிர்த்த டீக்கடை ராமசுப்புவுடையது. தனுஷ்கோடி கையைத் தூக்கியதுமே ராமசுப்பு வேண்டுமென்றே சத்தத்தை முழுக்கத் திருகினார். காது கிழிந்தது. பிறகு மைக்கைப் பிடித்து, "பயப்படாதீக, நம்ம புண்ணாக்குக்கடை அண்ணாச்சி ஊளையிடுதாக" என்றார்.

சிரிப்பு அடங்க வெகுநேரமானது. அன்றிலிருந்து அவர் ஊளைக்கடைக்காரர். தண்ணீர்க் குழாயடியில் அவர் மனைவி சௌந்தரத்துக்கும் அதே பெயர்.

"விட்டுத் தள்ளுங்க" என்றாள் சௌந்தரம்.

"ஊரு முன்னால என்னைய நாயாக்கிட்டான். விட மாட்டேன்."

ராமசுப்புவின் கடை ஓடியதே ரேடியோவால்தான். சாயங்காலப் பாட்டுக்காகவே லாரிக்காரர்கள் அங்கே நிறுத்துவார்கள். தனுஷ்கோடி தன் பெட்டியை மாற்றிக் கட்டி, அந்தப் பாட்டை ஒலிபரப்பும் நிலையத்தின் அலைக்குப் பக்கத்திலேயே இன்னொரு அலையை விட்டார். இரண்டும் உரச, டீக்கடை ரேடியோவில் சீழ்க்கை கிளம்பியது. ராமசுப்பு ரேடியோவைத் தட்டினார், மெக்கானிக்கைக் கூப்பிட்டார், புதுசு வாங்கினார், கடைசியில் எலுமிச்சம்பழம் கட்டினார். மூட்டை இடுக்கு வழியே பார்த்துத் தனுஷ்கோடிக்கு வயிறு குளிர்ந்தது.

வெறும் சீழ்க்கை போதவில்லை. பாட்டுகளை மனப்பாடம் செய்து, பாடுகிற குரலுக்கு மயிரிழை கீழே சுருதியை நடத்தினார். கேட்டவர்களுக்குச் சோற்றில் மண் கடிபட்ட மாதிரி இருந்தது. வருஷக்கணக்காகத் தப்பாக வாசிக்கப் பழகிய கை, ஒருநாள் தன்னை மறந்து சரியாக வாசித்துவிட்டது. உதட்டில் கிளாஸை வைத்த டிரைவர் குடிக்காமல் நின்றார். மறுநாள் கூட்டம் இரட்டித்தது.

"நம்ம ரேடியோவுல மட்டும் கூட ஒரு குழல் வரும்" என்று ராமசுப்பு பீற்றிக்கொண்டார்.

தன் வித்தை எதிரிக்குக் கல்லா கட்டுவதைத் தனுஷ்கோடியால் தாங்க முடியவில்லை. நிறுத்திவிட்டார். கூட்டம் கரைந்தது. இந்த ஓசையை முன்பு எங்கே கேட்டோம் என்று யோசித்து யோசித்து, ராமசுப்பு ஒருநாள் ரோட்டைத் தாண்டி வந்தார்.

"அண்ணாச்சி, பழசை மனசுல வைக்காதீக. நம்ம கடையில வந்து வாசிங்க."

"மொதல்ல மைக்குல சொல்லு. ஊரு கேக்கட்டும்."

அடுத்த பொங்கலில் ராமசுப்பு சொன்னார்: "அன்னைக்கு நாந்தான் வேணும்னு திருகிவிட்டேன். அது ஊளையில்ல, சங்கீதம்."

மறுநாளே தனுஷ்கோடி தன் கூரைமேல் குழாய் ஸ்பீக்கர் கட்டி, தானே போட்ட மெட்டுகளை வாசித்தார். கடையோரம் மொக்கையன் என்ற ஆளை டீ போட உட்கார்த்தினார். லாரிகள் இந்தப் பக்கம் ஒதுங்கின. 1974இல் ராமசுப்பு கடையைக் காலி செய்து பரளச்சிக்குக் கிளம்பினார்.

சாமான் ஏறுவதைப் பார்த்த சௌந்தரம், "போதுமா?" என்றாள்.

"போதாது."

அவர் சத்தத்தைக் கூட்டி, குத்திக்காட்டுகிற மாதிரி ஒரு மெட்டை எடுத்தார். எதிரே ராமசுப்பு, தூக்கிய பெஞ்சைக் கீழே வைத்துவிட்டு அதன்மேல் உட்கார்ந்தார். முடியும்வரை அசையாமல் ரசித்துக் கேட்டார். பிறகு லாரியில் ஏறினார்.

அந்த ரசிப்பைத்தான் தனுஷ்கோடியால் கடைசிவரை மன்னிக்க முடியவில்லை.