டீம் போடுறவர்

அறந்தாங்கி டீமுக்கு அடைக்கலராஜ்தான் கோச். ஆனால் அந்த டீமில் யார் ஆடுவது, யார் வெளியே உட்காருவது என்று முடிவு பண்ணுகிறவர் அவர் இல்லை. ரைஸ்மில் முதலாளி சுல்தான் ராவுத்தர். இந்த ஒரு விஷயத்தை நினைத்தால் போதும், அடைக்கலராஜுக்குச் சோறு இறங்காது. பாதிச் சாப்பாட்டில் கையை உதறிவிட்டு எழுந்துவிடுவார்.

"ஏங்க, சோத்து மேல என்ன கோவம்? ராவுத்தர் மேல கோவம்னா அவரு வீட்டுச் சோத்தப் போயி உதறுங்க," என்பாள் சந்தனமேரி. அவர் மனைவி. வாய் கொஞ்சம் நீளம், ஆனால் சொல்வதில் தப்பு இருக்காது.

இது நேற்று முளைத்த எரிச்சல் இல்லை. அடைக்கலராஜ் ஆவூர்க்காரர். மிஷன் பள்ளிக்கூடத்துச் சாமியார்கள் பந்தைக் காலில் போட்டுப் பழக்கிவிட்டார்கள். லெஃப்ட் ஹாஃப். பிரமாதமான ஆட்டக்காரர் என்று யாரும் சொன்னதில்லை, அவரும் சொல்லிக்கொண்டதில்லை. எதிராளி காலில் இருக்கும் பந்தைப் பிடுங்குவார், பிடுங்கியதைப் பக்கத்தில் நிற்கிற நல்ல ஆட்டக்காரனுக்குத் தள்ளுவார். அவ்வளவுதான் அவர் வேலை. அந்த வேலையை ஒழுங்காகச் செய்கிற ஆள் ஒரு டீமுக்கு வேண்டுமா வேண்டாமா, நீங்களே சொல்லுங்கள்.

நாற்பத்தெட்டில் புதுக்கோட்டையில் ஒரு டீமுக்குக் கூப்பிட்டு ஆடவைத்துப் பார்த்தார்கள். சமஸ்தானத்து உத்தியோகஸ்தர் ஒருவர் தன் கைப்பணத்தில் நடத்திய டீம் அது. "பையன் பரவாயில்லை, திங்கக்கிழமை வந்து பனியன் வாங்கிக்க," என்றார் அவர். திங்கட்கிழமைக்குள் சமஸ்தானமே இந்தியாவோடு சேர்ந்துவிட்டது! ஊரெல்லாம் கொடி, மிட்டாய். உத்தியோகஸ்தர் தன் உத்தியோகம் என்ன ஆகுமோ என்று பட்டணத்துக்கு ரயிலேறிவிட்டார். டீமும் கலைந்தது. ஆவூரிலிருந்து ஆசையாகக் கிளம்பி வந்தவர், தெருவில் எவனோ கையில் திணித்த மிட்டாயோடு பஸ் ஏறித் திரும்பினார். நாட்டுக்கு நல்லது நடந்ததில் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஒரு வாரம் கழித்து நடந்திருக்கக் கூடாதா என்றுதான் வருத்தம்.

அப்புறம் திருச்சிப் பக்கம் ஒரு மில். நூல் பிரிவில் வேலை, சாயந்தரம் பந்து. லீக்கில் இரண்டாம் டிவிஷன். வெறுங்காலில், சரளைக்கல் மைதானத்தில், கணுக்கால் வீங்க வீங்க வருஷக்கணக்கில் ஆடினார். டீம் மேலே ஏறி முதல் டிவிஷனுக்கு வந்தது. வந்த அன்றைக்கு மானேஜர் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். அடுத்த மாதம் மலபாரிலிருந்து நாலு பேரைக் கொண்டுவந்து இறக்கினார். அடைக்கலராஜ் ரிசர்வ் ஆனார். ரிசர்வ் என்றால் இந்தக் காலத்து மாதிரி நினைக்காதீர்கள். அப்போது ஆட்டத்துக்கு நடுவில் ஆள் மாற்றும் பேச்சே கிடையாது. விசில் ஊதும்போது வெளியே இருந்தவன் கடைசி வரை வெளியேதான். எலுமிச்சம்பழம் நறுக்கிக்கொண்டு, அடுத்தவன் சட்டைக்குக் காவல் இருக்கலாம். டீம் போட்டோ எடுக்கிற அன்றைக்கு, "ஒரு ஆள் கூடுது, அடைக்கலம், நீ அந்தப் பையப் புடிச்சுக்கிட்டு அங்கிட்டு நில்லு," என்றார் மானேஜர். அன்றோடு மில்லுக்கு ஒரு கும்பிடு.

அதற்குப் பிறகு கெஸ்ட். கோப்பைப் போட்டி எங்கே நடந்தாலும் வெளியூர் ஆட்கள் மூன்று பேரை ஒரு டீம் சேர்த்துக்கொள்ளலாம் என்று அப்போது ஒரு வழக்கம். அந்த மூன்றில் ஒருவராக இவர் ஊர் ஊராகப் போனார். கீரனூர், விராலிமலை, குளத்தூர், மணப்பாறை. பஸ் சார்ஜ் உண்டு, கறிச்சோறு உண்டு, ஜெயித்தால் கையில் கொஞ்சம் வைப்பார்கள். ஊர்க்காரர்கள் பேர்கூடக் கேட்க மாட்டார்கள். "ஏய் ஆவூரு, புடி! ஆவூரு, விடாத!" என்று கத்துவார்கள். செமிஃபைனல் வரைக்கும் இவர் வேண்டும். ஃபைனல் என்றால் எங்கிருந்தோ இவரைவிடப் பெரிய கெஸ்ட் வந்து இறங்கிவிடுவான். புதுக்கோட்டை மைதானத்தில் ஒரே ஒரு ஃபைனல் ஆடவேண்டும் என்று மனுஷனுக்கு ஆசை. கடைசி வரைக்கும் கிடைக்கவில்லை. அதற்குள் முட்டி போய்விட்டது.

ஐம்பத்தொன்பதில் சுல்தான் ராவுத்தர் ஆள் அனுப்பினார். அறந்தாங்கி அப்போது தஞ்சாவூர் ஜில்லா, ஆனால் பந்தாட்டக் கௌரவம் எல்லாம் புதுக்கோட்டையோடுதான். ராவுத்தருக்குப் பினாங்கில் கடை, ஊரில் ரைஸ்மில். நல்ல மனுஷர், கையும் தாராளம். ஆனால் தோற்றால் மட்டும் வீட்டில் யாரோடும் பேச மாட்டார். "மில்லுல மேஸ்திரி வேலை பாரு. சாயந்தரம் நம்ம பயலுகளுக்குப் பந்து சொல்லிக் குடு. குடியிருக்க வீடும் தாறேன்," என்றார். அடைக்கலராஜ் சந்தனமேரியையும் சட்டி பானையையும் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

கோச் ஆனதும் அவர் மனசில் நினைத்தது ஒன்றுதான். இனிமேல் நான் பேரைச் சொல்லுவேன், மற்றவன் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பான். நடந்ததோ வேறு. ஒவ்வொரு ஆட்டத்தன்றும் காலையில் ராவுத்தர் மில்லுக்கு வருவார், சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலை போடுவார், பதினொரு பேரையும் அவரே சொல்லிவிடுவார். அதில் அவருடைய மச்சான் மகன் ஒருத்தன் கட்டாயம் இருப்பான். அந்தப் பயல் பந்தைக் கண்டால் ஒதுங்குவான், பந்துக்குப் பாவம் பார்க்கிற மாதிரி! அடைக்கலராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு, "சரிங்க மொதலாளி," என்பார். வேறென்ன சொல்ல? வேலையும் வீடும் அவருடையது.

அறுபத்துமூன்றில் அதிசயமாக ஒரு காரியம் நடந்தது. ராவுத்தர் பினாங்குக்குப் போயிருந்தார். புதுக்கோட்டையில் கோப்பைப் போட்டி. அடைக்கலராஜ் முதல் முறையாகத் தானே டீம் போட்டார். பதினொரு பேரும் உள்ளூர். மில்லில் மூட்டை தூக்குகிற ராக்கனை லெஃப்ட் ஹாஃபில் நிறுத்தினார். இருபது வயசு, கருங்காலிக் கட்டை மாதிரி உடம்பு, பேச்சு குறைவு. மச்சான் மகனை எலுமிச்சம்பழம் நறுக்க வைத்தார். பயல்கள் ஒவ்வொரு ஆட்டமாக ஜெயித்து, செமிஃபைனலும் ஜெயித்தார்கள். அன்றைக்கு ராத்திரி அடைக்கலராஜ் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

"ஆத்தாடி! இப்படித் தின்னு நான் பாத்ததே இல்ல," என்றாள் சந்தனமேரி.

ஃபைனலுக்கு மூன்று நாள் இருக்கையில் ராவுத்தர் கப்பலிறங்கி வந்துவிட்டார். ஃபைனல் என்று கேட்டதும் முகமெல்லாம் பல். உடனே பொன்மலைப் பக்கம் ஆள் அனுப்பி மூன்று கெஸ்ட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். அடைக்கலராஜுக்கு விஷயம் தெரிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"மொதலாளி, வேணாங்க. இந்தப் பயலுகதான் இம்புட்டுத் தூரம் கொண்டாந்தாங்க. இவங்களே ஆடட்டும்."

"ஆடட்டும்ப்பா. எட்டுப் பேரு ஆடட்டும். மூணு பேரு ஒக்காந்து பாக்கட்டும். கோப்பை வேணுமா வேணாமா?"

"கோப்பைய விட..."

"அடைக்கலம், நீயும் இப்படி ஊரு ஊரா வந்து எறங்குன ஆள்தானே? அப்ப ஒனக்கு இந்த நியாயமெல்லாம் எங்க போச்சு?"

சுருக்கென்று குத்தியது. பொய்யாக இருந்தால் சண்டை போடலாம், உண்மையைச் சொன்னால் என்ன செய்ய? அடைக்கலராஜ் நேரே மில் களத்துக்குப் போய், நெல் மூட்டையோடு நின்ற ராக்கனிடமும் மற்ற இரண்டு பேரிடமும் விஷயத்தைச் சொன்னார். ராக்கன் மூட்டையை இறக்காமலே கேட்டுக்கொண்டான். "சரிண்ணே," என்றான். அவன் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட அடைக்கலராஜுக்கு மனசு ஆறியிருக்கும்.

ஃபைனல் அன்றைக்குப் புதுக்கோட்டை மைதானத்தில் எள் போட இடமில்லை. கெஸ்ட் இரண்டு பேர் வந்து பனியன் மாட்டிக்கொண்டார்கள். ஒருவன் இளவட்டம். இன்னொருவர் முப்பத்தைந்தைத் தொட்ட ஆள், முட்டியில் துணிக்கட்டு. மூன்றாவது ஆளைக் காணோம். தேடினால், அட பாவி மனுஷா, எதிர் டீம் பனியனைப் போட்டுக்கொண்டு அங்கிட்டு நின்று கால் உதறிக்கொண்டிருக்கிறான்! ராவுத்தரிடம் அட்வான்ஸ் வாங்கி, அங்கே அதற்கு மேல் வாங்கிவிட்டான்.

ராவுத்தர் துள்ளி எழுந்தார். மிச்சமிருந்த பனியனைத் தூக்கி அடைக்கலராஜ் மேல் போட்டார். "நீ எறங்குய்யா! நீ ஆடாத ஆட்டமா? எறங்கு!"

இங்கே மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அடைக்கலராஜ் ஒரு கையைப் பனியனுக்குள் விட்டார். புதுக்கோட்டை மைதானம், ஃபைனல், லெஃப்ட் ஹாஃப். பதினைந்து வருஷத்து ஆசை. தலையை நுழைக்கப் போனவர், கயிற்றுக்கு வெளியே குத்தவைத்து உட்கார்ந்திருந்த மூன்று பேரையும் பார்த்துவிட்டார். கையை உருவினார். பனியனை ராக்கனிடம் நீட்டினார்.

"எந்திரிடா. நீ எறங்கு."

ராக்கன் எழுந்திருக்கவில்லை. "நான் மட்டும் வேணாம்ணே. எங்க மூணு பேரையும் எறக்குங்க, எறங்குறேன். இல்லாட்டி பத்துப் பேர வச்சு ஆடிக்கங்க."

"டேய், நேரமாச்சுடா!"

"ஆகட்டும்ணே."

நடுவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு முறைத்தார். அடைக்கலராஜ் ராவுத்தரைப் பார்த்தார். அவரிடம் கேட்கப்போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் கேட்கவில்லை. நேரே அந்த இரண்டு கெஸ்ட்டிடமும் போனார். "தம்பிகளா, கோவிச்சுக்காதீங்க. பனியனக் கழட்டுங்க. எங்க ஆளுங்க ஆடுறாங்க."

"அடைக்கலம்!" என்று ராவுத்தர் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கூட்டம் அடங்கிப்போனது. "என் டீமுய்யா இது!"

"டீமு ஒங்களுதுதாங்க. கோச்சு நானு. யாரு ஆடணும்ன்னு நான் சொல்றேன்."

"அப்ப நாளையிலேருந்து மில்லுப் பக்கம் வந்துராத. வீட்டையும் காலி பண்ணிரு."

"சரிங்க மொதலாளி."

இளவட்டக் கெஸ்ட் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே பனியனை வீசி எறிந்தான். மூத்தவர் கழற்றினார், மடித்தார், ராக்கன் கையில் கொடுத்தார். பிறகு கயிற்றுக்கு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார்.

ஜெயித்தார்கள் என்று சொல்லத்தான் எனக்கும் ஆசை. எங்கே! இரண்டுக்கு ஒன்று, தோல்வி. ஓடிப்போன அந்த மூன்றாவது கெஸ்ட்தான் இரண்டையும் போட்டான். இரண்டாவது கோலுக்கு அவனைப் பிடிக்க வேண்டியவன் ராக்கன், ஒரு எட்டு பிந்திவிட்டான். ராவுத்தர் ஆட்டம் முடியும் முன்னாலேயே காரில் ஏறிப் போய்விட்டார். கோப்பையை வேறு ஊர் தூக்கிக்கொண்டு ஆடியது. அடைக்கலராஜ் கணக்குப் பார்த்தார். வேலை போச்சு, வீடு போச்சு, சந்தனமேரியிடம் என்ன சொல்வது? கடைசியில் கோப்பையாவது கிடைத்ததா? அதுவும் இல்லை!

பஸ் ஸ்டாண்டில் பயல்கள் தலையைத் தொங்கப்போட்டு நின்றார்கள். அந்தப் பக்கம் திருச்சி பஸ்ஸுக்காக அந்த மூத்த கெஸ்ட் தனியாக நின்றுகொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் நொண்டிக்கொண்டே வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று அடைக்கலராஜும் தயாராகத்தான் நின்றார். சண்டை போட்டால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான், நியாயம் அவர் பக்கம்.

"ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்ன்னு வந்தேங்க," என்றார் அந்த ஆள். "எங்க ஊர்ல ஒங்கள மாதிரி ஒருத்தர் இருந்திருந்தா, நான் இப்படி ஊரு ஊரா அலைஞ்சிருக்க மாட்டேங்க."

இதே வார்த்தையை அடைக்கலராஜும் யாரிடமாவது சொல்லியிருக்க வேண்டியவர்தான். சொல்ல ஆள் கிடைக்கவில்லை. இன்றைக்கு அதைத் தன்னிடம் சொல்கிறவரையோ இவரே வெளியே உட்காரவைத்துவிட்டு வந்து நிற்கிறார்.

"ஒங்க பேரு என்னங்க?" என்றார், குரலைச் சரிபண்ணிக்கொண்டு.

"நல்லதம்பிங்க."

பஸ் வந்துவிட்டது. நல்லதம்பி முட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறினார். பஸ் போன பிறகும் அடைக்கலராஜ் அங்கேயே நின்று, இத்தனை பேருக்கு முன்னால், துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். பயல்கள் பதறிப்போய்ச் சுற்றி நின்றார்கள். கோப்பை போன துக்கம் என்று நினைத்துக்கொண்டு ராக்கன் மெள்ள அவர் தோளைத் தொட்டான்.

"அடுத்த வருஷம் ஜெயிச்சிரலாம்ணே."

"போடா, நீயும் ஒன் ஜெயிப்பும்!" என்றார் அடைக்கலராஜ், துண்டை எடுக்காமலே.